கொம்பையா எழுத நினைத்த கடிதம்

என்னிடம் படித்த யாரும் தோற்றதில்லை. இருபத்தாறு வருஷம் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தினேன். கடைசிப் பதினோரு வருஷமும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் ஸ்பெஷல் கிளாஸ். பிள்ளைகள் என்னைக் கரித்துக் கொட்டியிருப்பார்கள். கொட்டட்டுமே, பாஸ் பண்ணினார்களா இல்லையா? ஜெசிந்தா டீச்சர் என்றால் அதுதான். ஓய்வு பெற்ற பிறகு அதே திமிரோடுதான் சிறைக்குள் பாடம் நடத்தப் போனேன். அந்தத் திமிர்தான் கொம்பையாவைக் கெடுத்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தென்மாவட்டம் ஒன்றில் இருக்கும் மத்தியச் சிறை அது. பெயர் வேண்டாம். அரிசி மூட்டை அடுக்கிக் கிடந்த கோடவுனைக் கழுவிவிட்டு வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். பென்சிலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். 'ஈ' எழுதிக்கொண்டிருக்கும் ஆளைப் பாதியில் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவார்கள். கூட்டெழுத்து வரை வந்தவனை ஒரு காலையில் வேறு சிறைக்கு மாற்றிவிடுவார்கள். அவன் இடத்துக்கு வருகிறவனுக்கு மறுபடி 'அ'. நரைத்த தலையோடு நோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால், மேல் பிளாக்கிலிருந்து "எல்.கே.ஜி. போகுதுடோய்!" என்று கத்துவார்கள். அந்த வெட்கத்துக்கே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி: வழக்கைக் கேட்காதீர்கள். என்ன செய்துவிட்டு வந்தான் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாடம் நடத்தக் கை வராது. அதோடு, கேட்டால் எல்லாரும் 'நான் செய்யவில்லை' என்றுதான் சொல்வார்கள். நியாயமான விதிதான். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கொம்பையா தானாக வந்தார். நாற்பத்தேழு வயது. உப்பளத்தில் வேலை பார்த்த ஆள். பாதத்தில் பழைய உப்பு வெடிப்புகள் இன்னும் ஆறாமல் இருந்தன. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை, உள்ளே வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். வகுப்பில் சேரும் கைதியின் நோட்டு அட்டையிலேயே அது எழுதியிருக்கும். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சர், எனக்கு ஒரே ஒரு கடுதாசி எழுதத் தெரியணும். அது போதும். பரீட்சை கிரீட்சை எல்லாம் வேண்டாம்."

"யாருக்குக் கடுதாசி?"

"எம்மவளுக்கு. முத்தரசின்னு பேரு. நர்ஸுக்குப் படிக்கா. எந்தம்பி லிங்கதுரை வீட்டுலதான் வளருதா. அவங்கம்மை போய்ச் சேந்துட்டா. புள்ள என்னையப் பாக்க வந்து ஒம்பது வருசமாச்சு."

"சொல்லுங்க, நானே எழுதித் தாரேன். இதுக்குப் போயி எதுக்கு மெனக்கெடணும்?"

அவர் தலையை ஆட்டினார். "இல்ல டீச்சர். இது அடுத்தவுக கையால எழுதுத கடுதாசி இல்ல. நான் எழுதுனாலும் நீங்க படிக்கக் கூடாது. அவ மட்டுந்தான் படிக்கணும். வாக்குத் தருவியளா?"

கொடுத்தேன். ஒரு ஆள் ஒரு கடிதம் எழுதுவதற்காக மட்டும் எழுத்துப் படிக்க வருவது எனக்குப் பிடித்திருந்தது. அதில் என்ன எழுதப்போகிறார் என்று கேட்கவில்லை. அப்பா மகளுக்கு எழுத ஆயிரம் இருக்கும்.

ஆறு மாதம் போராடினோம். மனிதருக்கு ஏறவில்லை. திங்கட்கிழமை படித்த 'க' வரிசை வியாழக்கிழமை இருக்காது. தன் மண்டையில் தானே குட்டிக்கொள்வார். நல அலுவலர் மகுடபதி சார் எட்டிப் பார்த்து, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா டீச்சர்?" என்று சிரித்துவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில்தான் 'பட்டை' வந்தது.

அதைச் செய்யும் கம்பெனியிலிருந்து தருண் என்று ஒரு பையன் கொண்டுவந்தான். சாம்பல் நிறத் துணிப்பட்டை, உள்ளே முடி கனத்தில் கம்பிகள், கூடவே ஒரு சின்னத் திரை. நெற்றியில் கட்டிக்கொண்டு படித்தால் முதியவர்களுக்கும் எழுத்து நிற்கும் என்றான்.

"எப்படி நிக்கும்? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க தம்பி."

"வயசானவங்க மூளையில புதுசா ஒண்ணு ஒட்டுறது கஷ்டம் டீச்சர். ஆனா சில பழைய ஞாபகம் மட்டும் அசையாம நிக்கும் இல்லையா? கல்யாணம், ஒரு சாவு, அந்த மாதிரி. மாட்டை முளையடிச்சுக் கட்டுற மாதிரி, புதுப் பாடத்தை அந்த ஞாபகத்துல கட்டி விட்டுடுவோம். ஓடாது."

"மாடு இழுத்தா முளை ஆடுமே?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "ஆடும். பாடத்துக்கு வலு அங்கிருந்துதான் வருது. கட்டுற ஞாபகமும் அதோட பின்னியிருக்கிறதும் லேசா மங்கும். வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா ஒண்ணும் தெரியாது. அதுக்கு மேல போகக் கூடாது."

கைதிகளுக்கு எந்த ஞாபகத்தை முளையாக அடிப்பது என்று கையேட்டில் ஒரு பத்தி இருந்தது. குற்றம் நடந்த நாள்தான் உத்தமம் என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதைவிட ஆழமான ஞாபகம் கிடையாது. அது மங்கினால் மனச் சுமையும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மகுடபதி சார் பூரித்துப்போனார். நானுந்தான்.

கொம்பையாவுக்கு முதலில் அவர் அம்மா இறந்த நாளைக் கட்டிப் பார்த்தோம். ஞாபகத்தின் ஆழத்தைக் காட்டும் கோடு திரையில் எழும்பவே இல்லை. உப்பளத்தில் வெள்ளம் புகுந்த வருஷமும் நிற்கவில்லை. பிறகு அவரே, "எம்மவ பொறந்த நாளை வச்சுக்கிடலாமா?" என்றார். கோடு திரையின் உச்சிக்குப் போனது.

"வேண்டாம். பிள்ளை பிறந்ததையா மறப்பீங்க? அந்த நாளைக் கட்டுவோம். நீங்க உள்ள வர்றதுக்குக் காரணமா இருந்த நாளை."

கொம்பையா சட்டென்று பட்டையைக் கழற்றிவிட்டார். "அது வேண்டாம் டீச்சர். அந்த நாளு எனக்கு வேணும்."

எனக்கு எரிச்சல் வந்தது. பிள்ளை பிறந்ததை விட்டுக்கொடுக்கிறாராம், கொலை செய்ததை விடமாட்டாராம்! "அந்தக் கருமத்தை வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறீங்க கொம்பையா? மகளுக்கு எழுதணுமா வேண்டாமா?"

"முழுசாப் போயிருமா?"

"லேசா மங்கும். அவ்வளவுதான். வாரம் ரெண்டு நாள் கட்டினா தெரியவே தெரியாதாம்."

வெகுநேரம் யோசித்தார். "அப்ப வெரசாச் சொல்லிக்குடுங்க. மங்குததுக்குள்ள எழுதிருதேன்" என்றார். என்ன பேச்சு இது என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விதி இருந்தது, கேட்கவுமில்லை. அந்த நாளைக் கண்மூடி நினைக்கச் சொன்னேன். கோடு உச்சியைத் தாண்டியது.

சும்மா சொல்லக்கூடாது, பட்டை வேலை செய்தது. மூன்று மாதத்தில் கொம்பையா எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு எழுத்துக்கூட்டாமல் படித்தார். சமையற்கூடத்துப் பலகை, சோப்புக் காகிதம், காவலர் சட்டையில் இருக்கும் பெயர், ஒன்றையும் விடுவதில்லை. மேல் பிளாக்கிலிருந்து எல்.கே.ஜி. என்று கத்தினவனே தன் வீட்டுக் கடிதத்தை இவரிடம் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொன்னான். "ஊர்ல அவன் சொன்னான் இவன் சொன்னான்னு நம்பிக்கிட்டு இருந்தீங்களே, இனிமே எழுத்துல இருக்கிறதை நம்புங்க" என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். கொம்பையா அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

நான்காவது மாதம் ஒரு நாள் வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினார். "டீச்சர், இப்ப எழுதிரட்டுமா? எம்மவளுக்கு?"

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று அவரால் எழுத முடியும். கொச்சையாக, கோணல்மாணலாக, ஒற்று விட்டுப்போய், ஆனால் புரியும்படி எழுத முடியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவசரப்படாதீங்க. படிச்ச புள்ள, இவ்வளவு பிழையோட போனா சிரிக்க மாட்டாளா? எட்டாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும். ஒரு பிழை இல்லாம எழுதலாம்" என்றேன். தாளை வாங்கி நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அவருக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.

எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு என் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் எழுதினார்கள். எனக்கு ஒன்பதும் தேற வேண்டும். தேர்வுக்கு முந்தைய பத்து வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் என்பதைக் காற்றில் விட்டேன். தினமும் பட்டை. சில நாள் காலையும் மாலையும். மகுடபதி சார் கண்டுகொள்ளவில்லை. தேர்ச்சி விகிதம் அவருக்கும் வேண்டியிருந்தது. ஸ்பெஷல் கிளாஸ் வைத்தே பழகின கை, நிற்குமா?

அந்த வாரங்களில் ஒரு நாள் கொம்பையா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "டீச்சர், அன்னைக்கு எந்தம்பி லிங்கம் ஊர்ல இருந்தானா?" என்றார்.

"என்னைக்கு?"

"அன்னைக்குத்தான். உப்பளத்துல."

"அதெல்லாம் எனக்கு எதுக்கு கொம்பையா? வழக்கு விஷயம் இங்க பேசக்கூடாது. வினைத்தொகைக்கு வாங்க."

வினைத்தொகைக்கு வந்தார். ஒன்பது பேரும் பாஸ். கொம்பையாவுக்குத் தமிழில் எழுபத்தெட்டு. நான் கேசரி கிண்டி எடுத்துப்போய், சூப்பரிண்டெண்ட் அனுமதியோடு எல்லாருக்கும் கொடுத்தேன்.

மறுநாள் கோடு போட்ட நல்ல தாளும் பேனாவும் கொடுத்து, "எழுதுங்க. நான் வெளிய நிக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் தாளில் 'அன்பு மகள் முத்தரசிக்கு' என்று மட்டும் இருந்தது. கையெழுத்து மணிமணியாக.

"என்ன ஆச்சு?"

"என்னமோ ஒண்ணு எழுதணும்னு இருந்தேன் டீச்சர். முக்கியமான விசயம். அதுக்குத்தான் படிக்கவே வந்தேன். என்னன்னு வரமாட்டேங்கு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அந்த நாளைப் பத்தி. அது மட்டுந் தெரியுது. அந்த நாளுல என்னன்னா… வெள்ளையா இருக்கு."

எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் சமாளித்துக்கொண்டேன். கொலை செய்த நாள்தானே, போனால் போகட்டும், நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்கும் சொன்னேன்.

அவர் கேட்கவில்லை. தன் தீர்ப்பு நகல் வேண்டும் என்று மனுப் போட்டார். முப்பத்தெட்டுப் பக்கம். பதினான்கு வருஷமாக அவருடைய கோப்பில் கிடந்தது, அவர் பெயரில் எழுதப்பட்டு அவரால் படிக்க முடியாமல். பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"எதிரின்னா யாரு டீச்சர்?"

"கோர்ட்டுல குற்றஞ்சாட்டப்பட்டவரை அப்படித்தான் எழுதுவாங்க."

"அப்ப நான்." விரலை வைத்து வாசித்தார். "எதிரி, கங்காணி தங்கப்பழத்தின் தலையில் மண்வெட்டியால் ஓங்கி அடித்தார் என்பதை மாஜிஸ்ட்ரேட் முன்பாகத் தாமே ஒப்புக்கொண்டு…" தீர்ப்பைக் கீழே வைத்தார். "தங்கப்பழத்துக்குச் சின்னப் புள்ளைய ரெண்டு உண்டு டீச்சர். நானா செஞ்சேன்?"

கோடவுன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு மனிதன் தன் குற்றத்தை முதல்முறையாகக் கேள்விப்பட்டு அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே தாளை எடுத்து மகளுக்கு எழுதினார். மூன்று பக்கம். வாக்குப்படி நான் படிக்கவில்லை. ஒட்டி அனுப்பினேன்.

அடுத்த மாதம் ஆலோசனைக் குழு கூடியது. ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடலாமா என்று பார்க்கிற குழு. அவர்களிடம் ஒரு வழக்கம்: 'நடந்ததை உன் வாயால் சொல்' என்பார்கள். முன்பு இரண்டு தடவையும் கொம்பையா வாயைத் திறக்காமல் நின்றதால், மனம் திருந்தியதற்கு அறிகுறி இல்லை என்று எழுதித் திருப்பியிருந்தார்கள். இந்தத் தடவை கைகூப்பிக்கொண்டு சொன்னார்:

"அய்யாமாரே, தங்கப்பழத்தை நான் கொன்னுருக்கேன். எதுக்குக் கொன்னேன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு. வராததுக்கும் சேத்து மன்னிப்புக் கேக்கேன்."

குழுவில் இருந்த வயதான அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விடுதலைக்குப் பரிந்துரை ஆனது. மகுடபதி சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மாணவன் வெளியே போகிறான்!

பத்து நாள் கழித்து, சிறைக்கு வெளியே நான் பஸ் இறங்கும் இடத்தில் ஒருவர் நின்றார். முப்பத்தாறு முப்பத்தேழு வயது. கழுத்தில் மின்வாரிய அடையாள அட்டை.

"ஜெசிந்தா டீச்சர்தான? நான் லிங்கதுரை. கொம்பையாவோட தம்பி."

கையில் அந்தக் கடிதம். முத்தரசி காட்டினாளாம். நான் படிக்கமாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர் என் முகத்துக்கு நேரே பிடித்து உரக்க வாசித்தார். "அன்பு மகள் முத்தரசிக்கு. உன் அப்பா ஒரு கொலைகாரன். தங்கப்பழம் என்பவரை நான் அடித்துக் கொன்றேன் என்பதைத் தீர்ப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன்…"

ஒரு பிழை இல்லை. அந்த நிலையிலும் என் கண் அதைத்தான் பார்த்தது.

"எங்கண்ணன் அடிக்கல டீச்சர்" என்றார் லிங்கதுரை. "நான்தான் அடிச்சேன்."

பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மத்தியான நேரம். தங்கப்பழம் எங்கண்ணனைச் செருப்பால அடிச்சான். ஒரு மடையைத் தொறக்க நேரமாச்சுன்னு. நான் சோறு கொண்டுபோயிருந்தேன். மம்பட்டி கையில கெடச்சுது… அவன் செத்துப்போவான்னு நெனைக்கல. எனக்கு வேலை ஆர்டர் வந்து பதினெட்டு நாளுதான் ஆகியிருந்தது. எங்க குடும்பத்துல முதல்ல படிச்சவன் நான். அண்ணன் மம்பட்டியப் புடுங்கிக்கிட்டு, 'நீ படிச்ச பயலே, வீட்டுக்குப் போ. நீ இங்க வரவே இல்ல'ன்னாரு. நானும் போயிட்டேன்."

"பதினாலு வருஷமாவா?"

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஊருக்குத் தெரியவேண்டாம், கோர்ட்டுக்குத் தெரியவேண்டாம், எம்மவளுக்கு மட்டும் ஒரு நாள் எங்கையால எழுதிச் சொல்லிக்கிடுதேன்னு எங்கிட்டக் கேட்டிருந்தாரு. சரின்னேன். அந்தக் கடுதாசி வரும் வரும்னு நானும் பயந்துக்கிட்டேதான் இருந்தேன். வந்தது இது" என்றார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். அந்தக் குரங்கைப் பிழையில்லாமல் எழுதவைத்து, ஒட்டி, தபாலில் போட்டவள் நான்.

அவரை விடவில்லை. கையோடு மனுப் போடவைத்து உள்ளே கூட்டிப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொம்பையா வந்து உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். லிங்கதுரை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னார்.

கொம்பையா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏல, உனக்கென்ன கிறுக்கா? தீர்ப்புல எழுதியிருக்கு. நானே படிச்சேன். முப்பத்தெட்டுப் பக்கம்."

"நீங்க சொன்னதை வச்சுத்தான் அண்ணே அதை எழுதுனாங்க. நீங்க பொய் சொன்னிய."

"நான் எதுக்குல பொய் சொல்லப்போறேன்?"

லிங்கதுரை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குறுக்கே போனேன். "கொம்பையா, அவர் சொல்றது உண்மை. நீங்க மகளுக்கு எழுத நினைச்சது இதைத்தான். நான்தான் அதை அழிச்சுட்டேன். பாவி நான்தான்."

அவர் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ புரிந்ததுபோல முகம் கனிந்தது. ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, தம்பியிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"புரியுதுலே. எம்மேல பழி இருக்கக்கூடாதுன்னு நீ ஏத்துக்கிடப் பாக்க. அண்ணன் மேல அம்புட்டு பாசம். ஆனா வேண்டாம். நீ படிச்ச பயலே, வீட்டுக்குப் போ. நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல."

பிறகு என்னிடம், "நீங்கதான டீச்சர் சொன்னிய, அவன் சொன்னான் இவன் சொன்னான்னு நம்பாதிய, எழுத்துல இருக்கதை நம்புங்கன்னு?" என்றார். என்னைக் குறை சொல்வதற்காக அல்ல. பாடத்தைச் சரியாகச் சொல்கிற மாணவனின் முகத்தோடு சொன்னார்.

வெளியே வரும்போது லிங்கதுரையின் நடை இலேசாகிவிட்டதைப் பார்த்தேன். சொல்லியாகிவிட்டது, அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார், இனி அவர் என்ன செய்வார்! அந்த ஆளை வாயில் வந்தபடி திட்டினேன். அவர் நின்று கேட்டுக்கொண்டார். இதையெல்லாம் எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டபோது மட்டும், "அண்ணன் கேட்டா எழுதித் தாரேன் டீச்சர்" என்றார். அண்ணன் எந்த ஜென்மத்தில் கேட்பார்?

மகுடபதி சாரிடம் ஓடினேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "குற்றத்தை ஒப்புக்கிட்டு வருந்தினார்னுதான் விடுதலை. இப்ப 'அவர் செய்யலை'ன்னு நீங்க எழுதினா அந்த வருத்தமே செல்லாது, கோப்பு திரும்பிப் போயிடும். சாட்சி யாரு? தம்பி எழுதித் தரமாட்டான். கொம்பையாவே இல்லைன்னு சொல்வாரு. வெளிய போற மனுஷனை மறுபடி உள்ள தள்ளணுமா டீச்சர்?"

தருணுக்குப் போன் போட்டேன். திரும்பக் கொண்டுவர வழியுண்டா என்று கெஞ்சினேன்.

"அந்த நாளோட படம் எங்கயும் இல்லை டீச்சர். மெஷின்ல இருக்கிறது வெறும் கோடுதான்." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பதிவுகளைப் பார்க்கிறான் போல. "கடைசிப் பத்து வாரத்துல இருபது தடவை கட்டியிருக்கணும். எண்பத்தேழு தடவை கட்டியிருக்கீங்க. ஏன் டீச்சர்?"

நூற்றுக்கு நூறு என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? போனை வைத்துவிட்டேன்.

நான் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொள்ள இப்போது கூசுகிறது. அவர் வெளியே போகட்டும் என்று நினைத்தேன், அது உண்மை. என் பெயர் வெளியே வராது என்றும் நினைத்தேன், அதுவும் உண்மை.

விடுதலை ஒரு திங்கட்கிழமை காலை. தம்பி வருவார் என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தது முத்தரசி. பத்தொன்பது வயது, அப்பாவின் அதே அகன்ற நெற்றி, தோளில் கல்லூரிப் பை. சின்னக் கதவைத் திறந்து கொம்பையா வெளியே வந்ததும், "அப்பா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் தலைமேல் வைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே என்னிடம் வந்தாள்.

"நீங்கதான ஜெசிந்தா டீச்சர்? அப்பா கடுதாசியில உங்களைப் பத்தி எழுதியிருந்தாங்க."

"ஆமாம்மா."

"நான் ஒம்பது வயசுல இங்க வந்திருக்கேன் டீச்சர். அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து 'நான் செய்யல தாயி, சத்தியமாச் செய்யல'ன்னாங்க. பக்கத்துல நின்ன போலீஸ்காரங்க சிரிச்சாங்க. எல்லாக் கைதியும் இதைத்தான் சொல்லுவான்னாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. செஞ்சதைக்கூடப் பொறுத்துக்கிடலாம், எங்கிட்டயே பொய் சொல்லுதாங்களேன்னுதான் நான் அப்புறம் வரவே இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. அவளை வளர்த்த சித்தப்பாவை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும்; பிடுங்கலாம், அந்த ஆளுக்கு அது தகும். ஆனால் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை உண்மையைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் போனாள், பத்து வருஷம் அப்பாவைத் தனியே விட்டாள் என்பதையும் சொல்ல வேண்டுமே. பிடித்த கையை மெதுவாக விட்டேன்.

"அந்தக் கடுதாசியப் படிச்ச அன்னைக்குத்தான் டீச்சர், எங்கப்பா எனக்குத் திரும்பக் கெடச்சாங்க" என்றாள் முத்தரசி. "நீங்க மட்டும் படிக்க வைக்கலைன்னா, எங்கப்பா சாகுத வரைக்கும் பொய்யைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருப்பாங்க."

பக்கத்தில் நின்ற கொம்பையா, "ஆமா டீச்சர்" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.